புயலுக்குப் பின் பயிர்க் காப்பீடு: எதற்கு மனு, எதற்குக் காத்திருப்பு?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் உடனே நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. அதற்கு அடுத்த நாள் இரவு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். திண்டிவனம், மயிலம், மரக்காணம், வானூர் பக்கம் ஏரி எது, கழனி எது என்று தெரியாமல் வெள்ளைத் தகடாகக் கிடந்தது.

சேதத்தைத் தெரிவிக்கக் காப்பீட்டுத் திட்டம் கொடுக்கும் அவகாசம் 72 மணி நேரம். சனி இரவிலிருந்து எண்ணினால் செவ்வாய் இரவோடு முடிகிறது. இடையில் ஞாயிறு விடுமுறை. பல ஊர்களில் மின்சாரம் இல்லை, கைபேசியில் சார்ஜ் இல்லை, கழனிக்குப் போக வழி இல்லை. திங்கட்கிழமை தண்ணீர் சற்று வடிந்த இடங்களில், கையில் சிட்டாவையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனவர்கள் பலர். மனு கொடுத்தாயிற்று, இன்சூரன்ஸ் வந்துவிடும் என்ற நிம்மதியோடு திரும்பியவர்களும் அவர்களில் உண்டு.

அந்த மனு பெரும்பாலும் இன்சூரன்ஸ் மனுவே அல்ல. அது நிவாரண மனு. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

வெள்ள நிவாரணம் அரசு தருவது. பிரீமியம் கட்டியவர், கட்டாதவர் என்ற பாகுபாடு அதில் கிடையாது. ஃபெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த கணக்கு இது: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய். ஹெக்டேர் என்பதை ஏக்கராக்கிப் பார்த்தால் நெல்லுக்கு 6,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுத்து, பெயர்ப் பட்டியல் தயாரித்துத் தருவார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லை என்றால் கேட்பதும் விவசாயியின் வேலை.

காப்பீடு என்பது ஒப்பந்தம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்தை விவசாயி கட்டுகிறார். மீதிப் பிரீமியத்தை மாநில அரசும் மத்திய அரசும் கட்டுகின்றன. ஆகவே நிவாரணம் வாங்கியவருக்குக் காப்பீடு இல்லை என்றோ, காப்பீடு உள்ளவருக்கு நிவாரணம் இல்லை என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி வழி.

காப்பீட்டுக்குள்ளேயே மறுபடி இரண்டு வழி இருப்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஒன்றில் விவசாயி மனுவே கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றில் 72 மணி நேரத்துக்குள் சொல்லாவிட்டால் கதை முடிந்தது. நம் பயிருக்கு எது என்று தெரிந்தால்தான் ஓடுவதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

ஊர்க் கணக்கு

நெல்லுக்கு அடிப்படை, வருவாய் கிராமத்தின் சராசரி மகசூல். ஒருவருடைய கழனியில் எவ்வளவு போயிற்று என்பதை இந்த வழியில் யாரும் பார்ப்பதில்லை. கிராமத்துக்கு நான்கு இடங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, அறுவடை சமயத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, கதிரை அறுத்து அடித்து எடை போடுவார்கள். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை. அந்த எடையிலிருந்து ஊரின் சராசரி கிடைக்கும்.

இதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? கடந்த 7 ஆண்டுகளில் நல்ல மகசூல் வந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த விகிதத்தைக் கணக்கிட்டால் வருவது உத்தரவாத மகசூல். ஊரின் சராசரி இதற்குக் கீழே போனால் மட்டும் இழப்பீடு.

ஓர் உதாரணக் கணக்கு. ஐந்து நல்ல ஆண்டுகளின் சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ, விகிதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. புயல் ஆண்டில் பரிசோதனையில் வந்தது 1,400 கிலோ. குறைவு 600 கிலோ, அதாவது 30 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் இழப்பீடு 10,800 ரூபாய். இதற்கு விவசாயி கட்டியிருக்கும் பிரீமியம் 540 ரூபாய்.

இந்த 10,800 ரூபாய் அந்த ஊரில் நெல்லுக்குக் காப்பீடு செய்த எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கும். ஏரிக்கரைப் பள்ளத்தில் பயிர் முழுக்க அழுகிப்போனவருக்கும் அதே தொகை, மேட்டுக் கழனியில் 2,200 கிலோ எடுத்தவருக்கும் அதே தொகை. பக்கத்து ஊரின் சராசரி 2,050 கிலோ என்று வந்தால், அங்கே ஒருவருக்கு மொத்தக் கழனியும் போயிருந்தாலும் பைசா கிடையாது. "வரப்புக்கு அந்தப் பக்கம் பணம் வந்திருக்கிறது, எங்களுக்கு வரவில்லை" என்ற மனக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், பள்ளத்துக் கழனிக்காரருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கழனியாகப் போய் அளக்க ஆள் இல்லை என்பதால் வந்த ஏற்பாடு இது.

ஆனால் இதிலிருந்து விவசாயிக்குப் பயன்படும் ஒரு விஷயம் உண்டு. "பயிரைக் காப்பாற்றினால் இன்சூரன்ஸ் வராது" என்று நினைத்து, தண்ணீரை வடிக்காமல் விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். நெல்லில் அந்த எண்ணம் முழு நஷ்டம். இழப்பீட்டை ஊரின் சராசரி முடிவு செய்கிறது. தன் கழனியைக் காப்பாற்றியவருக்கு விளைந்த நெல்லும் உண்டு, ஊருக்குக் கிடைத்தால் இழப்பீடும் உண்டு.

ஆகவே புயல் ஓய்ந்த முதல் வேலை வாய்மடை வெட்டுவது. தண்ணீர் வடிந்த பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் மூழ்கிய சம்பா, வேர் அழுகாமல் இருந்தால் இதில் தேறி வரும்.

ஊர்க் கணக்குப்படி வரும் பணம் உடனே வராது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். நவம்பர் கடைசியில் புயல். சம்பா அறுவடை தை, மாசியில். அதன் பிறகு பரிசோதனை முடிவுகளைத் தொகுத்துச் சரிபார்க்க வேண்டும். மாநில, மத்திய அரசுகளின் பிரீமியப் பங்கு போய்ச் சேர வேண்டும். மார்கழியில் வங்கிக்குப் போய் "புயல் பணம் வந்ததா" என்று கேட்பதில் பயனில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பருவத்தின் நடுவிலேயே எதிர்பார்க்கும் மகசூல் பாதிக்கும் கீழே போய்விடும் என்று தெரிந்தால், உத்தேச இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பணமாகத் தர வழி இருக்கிறது. அதை அரசு அறிவிக்க வேண்டும். தனி விவசாயி மனு கொடுத்து வாங்க முடியாது.

பரிசோதனை நாளன்று ஊரார் நான்கு பேராவது போய் நிற்பது நல்லது. எந்தச் சர்வே எண் குலுக்கலில் வந்திருக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கழனிக்காரர், அறுவடை இயந்திரம் கிடைத்தது என்று முதல் நாளே அறுத்துவிட்டால் பாதிக்கப்படுவது ஊர் முழுவதும்.

தனிக் கணக்கு: 72 மணி

இரண்டாவது வழியில் ஒருவருடைய நிலத்தை மட்டும் தனியாகப் பார்த்து இழப்பீடு கணக்கிடுவார்கள். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, மின்னலால் பிடித்த தீ, வெள்ளம் சூழ்ந்து மூழ்குவது ஆகியவை இதற்கான காரணங்கள். அறுத்துக் கழனியிலேயே காயப் போட்ட விளைச்சல் புயல் மழையில் நனைந்து கெடுவதும் இந்த வகைதான்; அறுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும். இவை கூடுதல் பாதுகாப்பு என்பதால், மாநில அரசின் அந்தப் பருவத்து அறிவிக்கையில் இடம்பெற்றிருக்க வேண்டும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஃபெஞ்சல் நேரத்தில் நெல் விவசாயிகளுக்கு ஏமாற்றம் தந்த விதி இங்கேதான் இருந்தது. வெள்ளத்தில் மூழ்குவது என்ற காரணம் நெல்லுக்கு 2018-இல் நீக்கப்பட்டுவிட்டது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர், மூழ்கியதால் எவ்வளவு சேதம் என்று மதிப்பிடுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணம். அதனால் மூழ்கிய நெல்லைப் படம் எடுத்து 72 மணிக்குள் அனுப்பியிருந்தாலும் தனி இழப்பீடு கிடையாது; ஊர்க் கணக்கு மட்டுமே. காப்பீடு செய்திருந்த உளுந்துக்கு இந்தத் தடை இல்லை. ஒரே விவசாயி, ஒரே புயல். நெல்லுக்குக் காத்திருக்க வேண்டும், உளுந்துக்கு ஓட வேண்டும் என்ற நிலை.

அறுத்த விளைச்சலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உளுந்து, எள், மணிலா போன்றவற்றைப் பறித்தோ அறுத்தோ கொல்லையிலேயே காய விடுகிறோம். அது நனைந்து முளைத்தால் கேட்கலாம். நெல்லை இப்போது பெரும்பாலும் இயந்திரம் அறுக்கிறது. கழனியை விட்டு வரும்போதே அது மணியாக வருகிறது. களத்திலோ, ரோட்டோரத்திலோ, கொள்முதல் நிலைய வாசலிலோ குவித்த நெல் நனைந்தால் இந்தப் பாதுகாப்பில் வராது. அதைத் தார்ப்பாய்தான் காப்பாற்ற வேண்டும்.

தனிக் கணக்கு உங்கள் பயிருக்குப் பொருந்தும் என்றால், தெரிவிப்பது எப்படி? 14447 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். கைபேசியில் பயிர்க் காப்பீட்டுச் செயலி இருந்தால் கொல்லையில் நின்றபடியே படம் எடுத்து அனுப்பலாம். இடம், நேரம் இரண்டும் படத்தோடு பதிவாகும். பிரீமியம் கட்டிய வங்கியிலோ, கூட்டுறவு கடன் சங்கத்திலோ, வேளாண்மைத் துறை அலுவலரிடமோ எழுதிக் கொடுக்கலாம். எதுவானாலும் விண்ணப்ப எண், சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, சேதமான நாள், காரணம் ஆகிய விவரங்கள் வேண்டும். பதிவானதும் தரும் எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். "வாயால் சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார்" என்பது பின்னால் எங்கும் செல்லாது.

பரப்பைச் சொல்லும்போது ஒரு கவனம். நம் பக்கத்தில் இன்னும் காணிக் கணக்குதான் பேச்சில். காப்பீட்டில் இருப்பதோ ஏக்கர், சென்ட் அல்லது ஹெக்டேர். ரசீதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரசீதில் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னால், மொத்தமும் சந்தேகத்துக்குப் போகும்.

உழுவதா, காத்திருப்பதா?

தகவல் சொன்ன 48 மணி நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும். அவர் வேளாண்மை அலுவலரையும் விவசாயியையும் வைத்துக்கொண்டு 10 நாட்களுக்குள் சேதத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். விதி இது. புயல் மாவட்டம் முழுவதும் அடித்தால் நாள் இழுக்கும்.

விவசாயிக்கு இங்கே உண்மையான சங்கடம் வருகிறது. உளுந்து போய்விட்டது, ஈரம் இருக்கிறது, உழுது மணிலா போட்டால் பட்டம் கிடைக்கும். ஆள் வரும்வரை காத்திருந்தால் பட்டம் போகும். உழுதுவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

முடிவெடுக்க உதவும் கணக்கு ஒன்று உண்டு. தனிக் கணக்கில் முழுக் காப்பீட்டுத் தொகையை எடுப்பதில்லை. சேதமான நாள்வரை பயிருக்கு ஆகியிருக்கக்கூடிய செலவின் விகிதத்தை எடுத்து, அதில் சேத சதவீதத்தைப் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 16,000 ரூபாய். விதைத்து 25 நாளான உளுந்துக்கு அதுவரை ஆன செலவு பாதி என்றால் 8,000. சேதம் 60 சதவீதம் என்றால் 4,800 ரூபாய். காய் பிடித்து அறுவடைக்கு நெருங்கிய உளுந்து என்றால் தொகை இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இளம்பயிர், அரை ஏக்கர் என்றால் பட்டத்தை விட்டுக் காத்திருப்பது லாபமில்லை. முற்றிய பயிர், இரண்டு மூன்று ஏக்கர் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

அப்படியும் உழுதே ஆக வேண்டும் என்றால், உதவி வேளாண்மை அலுவலரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி, நான்கு மூலையிலும் படம் எடுத்து, ஒரு பாத்தியையாவது உழாமல் விட்டுவைக்கலாம். இது மதிப்பீட்டாளர் கட்டாயம் ஏற்றுக்கொள்ளும் ஆதாரம் அல்ல. ஆனால் எதுவும் இல்லாததற்கு இது மேல்.

இன்னொன்று: இப்படிப் பாதிக்கப்பட்ட பரப்பு, அந்தக் கிராமத்தில் அந்தப் பயிருக்குக் காப்பீடு செய்த பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டினால், தகுதியுள்ள எல்லோருக்கும் சேதம் என்று எடுத்துக்கொண்டு மாதிரிக்குச் சில நிலங்களை மட்டும் பார்ப்பார்கள். அதனால் பக்கத்துக் கொல்லைக்காரரையும் 72 மணிக்குள் சொல்லச் சொல்வது நமக்கும் நல்லது. பின்னால் ஊர்க் கணக்கில் கூடுதலாக வந்தால், வித்தியாசத் தொகையும் சேரும்.

பணம் நின்றுபோகும் இடங்கள்

சேதம் உண்மை, தகவலும் நேரத்தில் கொடுத்தாயிற்று, ஆனாலும் பணம் வரவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் முட்டுக்கட்டை பதிவில்தான் இருக்கிறது. அடங்கலில் உளுந்து, காப்பீட்டில் நெல். பட்டாவில் அப்பா பெயர், ஆதாரில் மகன் பெயர். சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபட்டது. ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கு. ஒரே நிலத்துக்குச் சங்கத்திலும் பொதுச் சேவை மையத்திலும் இரண்டு பதிவு. இவை அனைத்தும் ரசீது வாங்கிய அன்றே, மையத்தின் வாசலிலேயே, படித்தவர் ஒருவரை வைத்துப் பார்த்துத் திருத்தக்கூடியவை.

பயிர்க் கடன் வாங்கியவர்கள் பலர் தங்களுக்குத் தானாகக் காப்பீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2020 காரீப் முதல் கடன் வாங்கியவருக்கும் அது விருப்பம்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி பிடித்துக் கட்டும். கட்டியதா, எந்தப் பயிருக்குக் கட்டியது என்று பாஸ்புக்கைப் பார்த்துக் கேட்க வேண்டும். கடனுக்கு எழுதிக் கொடுத்த பயிர் ஒன்று, போட்ட பயிர் வேறு என்றால் முன்பே மாற்றச் சொல்ல வேண்டும்.

குத்தகைக்காரர் நிலைமை இதைவிடச் சிரமம். கழனியில் இறங்கி உழைப்பவர் அவர். அடங்கல் அவர் பெயரில் இருந்தால்தான் காப்பீடு அவர் பெயரில் வரும். நில உரிமையாளர்கள் பலர் குத்தகையை எழுத்தில் காட்டத் தயங்குகிறார்கள். உரிமையாளர் பெயரில் காப்பீடு செய்து, பிரீமியத்தைக் குத்தகைக்காரர் கட்டினால், இழப்பீடு உரிமையாளர் கணக்குக்குத்தான் போகும். நாற்று விடுவதற்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது இரு வீட்டுக்கும் நல்லது.

சரியான பதிவு இருந்தும் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 14447-இல் புகார் பதியலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் விண்ணப்ப எண்ணோடு மனு கொடுக்கலாம். "எங்கள் ஊருக்கு வரவில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "எங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல் எவ்வளவு, பரிசோதனையில் வந்தது எவ்வளவு" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

வரும் சம்பாவில் மாற்றம்

2025 நவம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நெல் வெள்ளத்தில் மூழ்குவதைத் தனிக் கணக்கில் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். காட்டுப்பன்றி, மான் போன்ற வன விலங்குகளால் ஆகும் சேதத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2026 காரீப் பருவத்திலிருந்து நடைமுறை. இரண்டுக்குமே 72 மணி நேரத்துக்குள் செயலியில், இடம் பதிவாகும் படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஃபெஞ்சலில் நெல்லை இழந்து ஊர்க் கணக்குக்காகக் காத்திருந்த பள்ளத்துக் கழனிக்காரர்களுக்கு இது பெரிய மாற்றம். மாநில அரசின் அறிவிக்கையில் நம் மாவட்டத்துக்கும் சம்பாவுக்கும் இது சேர்ந்திருக்கிறதா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பாவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. புயல்கள் வருவது பெரும்பாலும் அதை ஒட்டித்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த பிறகு மையத்தில் கூட்டம் நெரியும், சர்வரும் படுத்துவிடும். நடவு முடிந்து அடங்கல் கைக்கு வந்த வாரமே பதிவை முடித்து, செயலியை வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியில் ஏற்றி, ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணை ஒரு முறை போட்டுப் பார்த்து வைத்துவிடலாம். புயல் இரவில் சார்ஜ் இறங்கிப்போகும் என்பதால், அந்த எண்ணைக் காகிதத்திலும் எழுதி, கிராம உதவி வேளாண்மை அலுவலரின் கைபேசி எண்ணோடு சேர்த்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.